தம்பிக்கு ‘ஃபேனி’, அண்ணனுக்கு ‘லைலா’: ஒரே களத்தில் இருவருக்கும் இடம் உண்டா?

புக்கிட் பெலிம்பிங் போன்ற தோட்டப்புறங்களில் மாலை நேரக் காற்பந்துத் திடலுக்குப் போட்டியாக இன்று கைப்பேசித் திரையிலும் ஒரு திடல் வந்துவிட்டது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தம்பி இடைநிலைப்பள்ளி மாணவர். பள்ளி முடிந்ததும் தினமும் ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ ஆடுகிறார். அண்ணன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கைப்பேசியோடு உட்கார நேரம் கிடைக்கிறது.

இருவரும் சேர்ந்து ஆடுகிறார்கள். சில நிமிடங்களில் அண்ணனின் வீரர் மூன்று முறை விழுந்துவிடுகிறார். “அண்ணா, ஏன் அங்க தனியா போனீங்க?” என்று தம்பி சலித்துக்கொள்கிறார். அடுத்த ஞாயிறு அண்ணன் ஆட வருவாரா என்பது சந்தேகம்தான்.

இணைய விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் அனைவருக்கும் இதுவே பெரிய தலைவலி. சண்டையை எளிதாக்கினால் தினமும் பயிற்சி செய்பவருக்குச் சலித்துப்போகும். கடினமாக்கினால் எப்போதாவது ஆடுபவர் ஓடிவிடுவார். இருவரில் ஒருவர் போனாலும் களம் வெறிச்சோடிவிடும்.

எளிய வாசல், உயரமான மாடி

ஷங்காயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம் 2016இல் வெளியிட்ட மொபைல் லெஜண்ட்ஸ், ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டம். அதில் புதியவர்கள் முதலில் பழகும் பாத்திரங்களில் ஒன்று ‘லைலா’. தூரத்தில் நின்று சுடுவதே அவளுடைய வேலை. ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். ஆனால், எதிரி அருகில் வந்துவிட்டால் தப்பிக்க அவளிடம் வழி குறைவு.

‘ஃபேனி’ இதற்கு நேர்மாறு. சுவருக்குச் சுவர் இரும்புக் கயிறு வீசிப் பறப்பவள். கோணம் சற்றுத் தவறினாலும் கயிறு வீணாகும், சக்தியும் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் பழகியவர் கையில் அவள் புயல். பழகாதவர் கையில் அணிக்கே சுமை.

சண்டை மொத்தத்தையும் எளிதாகவோ கடினமாகவோ ஆக்காமல், இரண்டு வகைப் பாத்திரங்களையும் ஒரே களத்தில் வைப்பதுதான் வடிவமைப்பாளர்கள் கண்ட முதல் வழி. அண்ணன் லைலாவை எடுத்தாலும் அணிக்கு உதவ முடியும். தம்பி கற்றுக்கொள்ள ஃபேனி காத்திருக்கிறாள். அந்த மேல்மாடி இருப்பதால்தான் போட்டி விளையாட்டும் வளர்கிறது. நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி, 2024 ஜூலையில் ரியாத்தில் நடைபெற்ற எம்.எஸ்.சி. அனைத்துலகப் போட்டியில் வெற்றியாளரானது இதே விளையாட்டில்தான்.

யாருடன் யார் மோதுவது?

இரண்டாவது வழி, சமபலம் உள்ளவர்களைச் சேர்த்துவிடுவது. இந்த யோசனை சதுரங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ வகுத்த புள்ளிமுறையை அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்றது. அந்த முறைப்படி புள்ளிகள் சமமாக இருந்தால் இருவரின் வாய்ப்பும் பாதிப் பாதி. 400 புள்ளி இடைவெளி இருந்தால் பலசாலியின் வாய்ப்பு ஏறத்தாழ 91 விழுக்காடு. இன்றைய இணைய விளையாட்டுகள் பலவும் இதே அடிப்படையில்தான் எதிரணியைத் தேடித் தருகின்றன.

மொபைல் லெஜண்ட்ஸில் வாரியர் தொடங்கி மித்திக் வரையுள்ள படிநிலைகள் இதற்காகவே. எபிக் நிலையிலிருந்து இரு அணிகளும் மாறி மாறிப் பாத்திரங்களைத் தேர்வு செய்கின்றன, சிலவற்றைத் தடையும் செய்கின்றன. அந்தக் கணக்கெல்லாம் கீழ்நிலையில் இருப்பவருக்குத் தேவையில்லை.

யாரை வைத்து அளப்பது?

ஒரு பாத்திரம் அளவுக்கு மீறிய பலம் கொண்டதா என்று எப்படி முடிவு செய்வது? ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ரயட் நிறுவனம் 2019இல் தன் அளவுகோலை வெளிப்படையாக அறிவித்தது. சராசரி ஆட்டக்காரர்கள், மேல்மட்ட 10 விழுக்காட்டினர், உச்சத்திலுள்ள 0.1 விழுக்காட்டினர், தொழில்முறை ஆட்டக்காரர்கள் என நான்கு பிரிவுகள். இவற்றில் ஏதேனும் ஒரு பிரிவில் ஒரு பாத்திரம் மிஞ்சினாலே அதன் பலம் குறைக்கப்படும். நான்கிலும் சோர்ந்து கிடந்தால்தான் பலம் கூட்டப்படும். ஞாயிறு ஆட்டக்காரரின் குறையும் அங்கே கணக்கில் வருகிறது.

‘ஃபோர்ட்நைட்’ வேறு வழியில் போனது. அதில் சண்டைக்கு நடுவே நொடியில் சுவரும் படிக்கட்டும் கட்டும் திறமை, புதியவர்களை மலைக்க வைத்தது. 2022 மார்ச்சில் கட்டுமானமே இல்லாத தனிப்பிரிவைத் திறந்தார்கள். கட்டத் தெரிந்தவர்களுக்குக் கட்டுமானம் உள்ள பிரிவும் தனியே கிடைத்தது.

கணக்கு தவறும் இடங்கள்

இத்தனை ஏற்பாடுகளையும் ஆட்டக்காரர்களே குலைப்பதுண்டு. கைதேர்ந்தவர் புதுக் கணக்கு திறந்து புதியவர்களை நையப் புடைப்பது ஒன்று. ‘ஜோக்கி’ எனப்படுபவருக்குக் காசு கொடுத்து ரேங்க் ஏற்றிக்கொள்வது இன்னொன்று. அப்படி ஏறியவர் தன் திறமைக்கு மீறிய எதிரிகளிடம் தினமும் அடி வாங்குவார். அவரோடு சேரும் மற்ற நால்வரும் தோற்பார்கள். கொடுத்த ரிங்கிட்டும் போய்விடும். ‘ஸ்கின்’ வாங்குவதும் கைத்திறமையைக் கூட்டாது.

இணையத் தொடர்பும் ஒரு காரணம். லைன் விட்டு விட்டு வரும் இடத்தில் ஃபேனியின் கயிறு சுவரைத் தொடுவதற்குள் எதிரி நகர்ந்துவிடுவான். அங்கே தோற்பது ஆட்டக்காரர் மட்டும் அல்ல.

இன்னொரு சங்கடமும் உண்டு. ரேங்க் ஆட்டத்தில் படிநிலை இடைவெளி அதிகமானால் ஒரே அணியில் சேர முடியாது. நியாயத்துக்காக வைத்த விதி, ஒன்றாக வளர்ந்த பிள்ளைகளைத் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. அவர்களுக்கு ஏற்றது ‘கிளாசிக்’ ஆட்டம். அதில் தோற்றால் ரேங்க் நட்சத்திரம் குறையாது. அண்ணன் தைரியமாகத் தவறு செய்து பழகலாம்.

பெற்றோரும் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. சாப்பிடக் கூப்பிடும்போது “பத்து நிமிஷம்மா” என்று பிள்ளை சொன்னால் அது எப்போதும் சாக்காக இருக்காது. பாதியில் வெளியேறினால் அவனுடைய நன்னடத்தைப் புள்ளி குறையும், மீதி நால்வரும் ஆள் குறைவாகத் தவிப்பார்கள். ஆகவே, நேரக் கட்டுப்பாட்டை ஆட்டத்தின் நடுவே விதிக்காமல், “இன்னும் ஓர் ஆட்டம்தான்” என்று அது தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யலாம்.

தோட்டத்துத் திடலில் இரண்டு அணித்தலைவர்கள் மாறி மாறி ஆள் பிரிக்கும் வழக்கம் பலருக்கும் நினைவிருக்கும். நன்றாக ஆடுபவன் ஒரு பக்கம் போனால், அடுத்தவன் மறுபக்கம் போவான். கடைசியில் நிற்கும் சின்னப் பையனையும் யாராவது சேர்த்துக்கொள்வார்கள். கணினி இன்று அந்த ஆள் பிரிக்கும் வேலையை ஓரளவு செய்துவிடுகிறது. சின்னப் பையனைத் திட்டாமல் ஆட்டத்தில் வைத்துக்கொள்வது மட்டும் இன்னமும் உடன் ஆடுபவர்களின் பொறுப்புதான்.