இரவல் கார், மண் டிராக், கயிறு பெல்ட்... உயிரைக் குடித்த அந்தக் காலத்துக்கு ஏன் ஏங்குகிறார்கள் நாஸ்கார் ரசிகர்கள்?

1949 ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்தில் ஒரு மண் டிராக். லீ பெட்டி என்பவர் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய ப்யூக் காரில் மகனோடு வந்து இறங்கினார். அதே காரை டிராக்கில் விட்டு ரேஸும் ஓட்டினார். பாதியில் கார் குட்டிக்கரணம் அடித்து நொறுங்கியது. லீக்குப் பெரிய காயம் இல்லை. ஆனால், வீட்டுக்கு எப்படிப் போவது? வந்த கார்தானே அங்கே நசுங்கிக் கிடக்கிறது! வேறு யாரோ ஒருவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்த மகனுக்கு அப்போது 11 வயது. பெயர் ரிச்சர்டு பெட்டி. பின்னாளில் 200 ரேஸ்களில் ஜெயித்து, ஏழு முறை சாம்பியனாகி, ரசிகர்கள் இன்றும் 'கிங்' என்று அழைக்கும் அதே ரிச்சர்டு.

அன்று நடந்ததுதான் நாஸ்கார் அமைப்பின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' ரேஸ். இரவல் காரும் மண் டிராக்கும் சீட் பெல்ட்டுக்குப் பதில் கட்டிய கயிறுமாக இருந்த அந்த நாள்களைப் பற்றி மூத்த ரசிகர்களிடம் பேச்செடுத்தால் போதும், 'அதெல்லாம் ஒரு காலம்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் காலத்தைக் கண்ணால் பார்க்காத இளைஞர்களும்கூட இந்த ஏக்கத்தில் சேர்ந்துகொள்வதுதான் ஆச்சர்யம்.

சாராயம் ஏற்றிய கார்

ஃபார்முலா ஒன் கார் ரேஸுக்கென்றே பிறந்தது. ஸ்டாக் கார் அப்படியல்ல. ஷோரூமில் 'ஸ்டாக்' இருக்கும் சாதாரண கார். அதை முறுக்கேற்றி ஓட்டுவதில்தான் கதையே ஆரம்பிக்கிறது.

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அது முடிந்த பிறகும் அப்பலாச்சியன் மலைப்பகுதிகளில் வரி கட்டாமல் சாராயம் காய்ச்சும் தொழில் நிற்கவில்லை. ராத்திரியில் மலைப்பாதையில் சரக்கைக் கொண்டு போக, பார்க்க அப்பாவியாகவும் ஓடும்போது அசுரனாகவும் இருக்கும் கார் தேவைப்பட்டது. இன்ஜினை மாற்றினார்கள். பின்பக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினார்கள். சரக்கு ஏற்றினால் கார் பின்னால் தாழும், அதிகாரிகள் கண்டுபிடித்துவிடுவார்கள் இல்லையா?

அந்த ஸ்பிரிங்தான் முதல் ரேஸின் முடிவையே மாற்றியது. லீ பெட்டியின் ப்யூக் நொறுங்கிய அதே ரேஸில் முதலில் வந்தவர் க்ளென் டுனவே. ரேஸ் முடிந்ததும் காரைச் சோதித்தார்கள். சாராயக் கடத்தலுக்காக மாற்றிய ஸ்பிரிங் அகப்பட்டது. 'ஸ்டாக் என்றால் ஸ்டாக்தான்' என்று அவரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டு, கன்சாஸிலிருந்து வந்திருந்த ஜிம் ரோப்பரை வெற்றியாளராக அறிவித்தார்கள்.

இந்த வகை டிரைவர்களில் பெரிய பெயர், ஜூனியர் ஜான்சன். ரோட்டில் அவரை யாராலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை. 1956-ல் அப்பாவின் காய்ச்சும் இடத்தில் வைத்துதான் பிடித்தார்கள். சுமார் 11 மாதங்கள் சிறை. சிறைக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் 50 நாஸ்கார் ரேஸ்களில் ஜெயித்தார். 1986-ல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். வீட்டில் குட்டீஸ் இருந்தால் 'கார்ஸ் 3' படத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அதில் வரும் 'ஜூனியர் மூன்' பாத்திரம் இவரை வைத்து உருவானது. குரல் கொடுத்தவரும் இவரே. முதல் 'கார்ஸ்' படத்தில் வரும் டாக் ஹட்ஸனும், 1950-களில் ஹெர்ப் தாமஸ் ஓட்டிய ஹட்ஸன் ஹார்னெட் காரின் சாயல்தான்.

பாம்பு ஜாக்கிரதை!

ஃப்ளோரிடாவின் டேடோனா கடற்கரையில் மணல் சிமென்ட் தரைபோல இறுகியிருக்கும். 1936 முதல் அங்கே ஸ்டாக் கார் ரேஸ் நடந்தது. பாதி டிராக் மணல், மீதி பாதி கடலை ஒட்டிய நெடுஞ்சாலை. ரேஸ் எப்போது தொடங்க வேண்டும் என்பதைக் கடல்தான் முடிவுசெய்யும். அலை ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

ரேஸை நடத்திய பில் ஃபிரான்ஸுக்கு ஒரு தலைவலி. டிக்கெட் வாங்காமல் மணல்மேடுகள் வழியாக ஆள்கள் புகுந்துவிடுவார்கள். 'விஷப்பாம்பு ஜாக்கிரதை' என்று போர்டு வைத்தார். பயந்து ஒதுங்கினார்கள். இந்த ஃபிரான்ஸ்தான் 1947 டிசம்பரில் டேடோனாவின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டல் மொட்டைமாடியில் ஆள்களைக் கூட்டிப் பேசி, 1948-ல் நாஸ்காரை உருவாக்கியவர்.

1950-ல் தெற்கு கரோலினாவின் டார்லிங்டனில், கடலையும் பருத்தியும் விளைந்த நிலத்தில் ஹெரால்டு பிராசிங்டன் என்பவர் ஒரு தார் டிராக் போட்டார். நிலத்தை விற்றவர் தன் மீன் குட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். குட்டைக்கு இடம் விட்டதில் டிராக் ஒருபக்கம் குறுகி, முட்டை வடிவமானது. இன்றும் அப்படியே இருக்கிறது. செப்டம்பர் 4 அன்று நடந்த முதல் 500 மைல் ரேஸில் 75 கார்கள். மற்ற கார்கள் டயர் வெடித்து வெடித்து ஓரம்கட்ட, ஜானி மான்ட்ஸ் என்பவர் மெதுவான பிளைமவுத் காரில் லாரிக்குப் போடும் கடினமான டயரை மாட்டிக்கொண்டு நிதானமாக ஓட்டி ஜெயித்தார். ஆறரை மணி நேரத்துக்கும் மேல் ஆனது.

1953-ல் டிம் ஃப்ளாக், 'ஜாக்கோ ஃப்ளாக்கோ' என்ற குரங்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ரேஸ் ஓட்டியிருக்கிறார். அதற்குச் சின்னதாக யூனிஃபார்ம் வேறு! ஒரு ரேஸில் அது கட்டை அவிழ்த்துக்கொண்டு, டயர் தேய்வதைப் பார்க்க வைத்திருந்த தரைக் கதவைத் திறக்கப்போய், பயந்து அவர் கழுத்தில் ஏறிக்கொண்டது. பிட்டில் நிறுத்தி அதை இறக்கிவிட்டுப் போனவருக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட கதைகள் இருக்கும்போது ஏக்கம் வராமல் என்ன செய்யும்?

கதையில் வராத பக்கம்

ஆனால், இதே காலத்துக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1964 ஜனவரியில், அப்போதைய சாம்பியன் ஜோ வெதர்லி கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு டிராக்கில் இறந்தார். கார் தீப்பிடித்தால் வெளியேற முடியாது என்று பயந்து தோள் பெல்ட் போட மாட்டார். ஜன்னலுக்கு வலையும் கிடையாது. தலை வெளியே போய்ச் சுவரில் மோதியது. அதே ஆண்டு மே மாதம் சார்லட்டில் 'ஃபயர்பால்' ராபர்ட்ஸின் கார் கவிழ்ந்து தீப்பிடித்தது. சக டிரைவர் நெட் ஜாரெட் ஓடிப்போய் நெருப்பிலிருந்து அவரை இழுத்தார். 39 நாள்கள் போராடி ஜூலை 2 அன்று இறந்தார் ராபர்ட்ஸ். (சின்ன வயதில் பேஸ்பால் வீசியதால் வந்த பட்டப்பெயர் அது.) அதன் பிறகுதான் உடையாத ரப்பர் பை வைத்த பெட்ரோல் டேங்க் வந்தது.

ஜன்னல் வலை வந்த கதையும் இதே மாதிரிதான். 1970-ல் டார்லிங்டனில் ரிச்சர்டு பெட்டியின் கார் உருண்டபோது, அவர் தலையும் கையும் ஜன்னலுக்கு வெளியே தொங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் பிழைத்தார். வலை கட்டாயமானது.

'அந்தக் காலத்து டிரைவர்களுக்குப் பயமே கிடையாது' என்று ரசிகர்கள் சொல்வதில்தான் கொஞ்சம் இடிக்கிறது. 1969 செப்டம்பரில் அலபாமாவின் டல்லடேகாவில் புதிய டிராக் திறந்தபோது, அந்த வேகத்துக்கு டயர்கள் தாங்காமல் கிழிந்தன. ரிச்சர்டு பெட்டி தலைமையில் முன்னணி டிரைவர்கள் பலர் ஓட்ட மறுத்து, கார்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பில் ஃபிரான்ஸ் கிடைத்தவர்களை வைத்து ரேஸை நடத்தினார். பயந்திருக்கிறார்கள், பயந்ததை வெளியே சொல்லியும் இருக்கிறார்கள். நினைவில் தங்கியது குரங்குக் கதை மட்டும்தான்.

அந்தப் பொற்காலம் எல்லோருக்கும் பொற்காலமாகவும் இல்லை. 1963 டிசம்பர் 1, ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில். கறுப்பின டிரைவர் வெண்டெல் ஸ்காட் முதலில் வந்தார். ஆனால், கொடி காட்டி ஜெயித்ததாக அறிவித்தது பக் பேக்கர் என்ற வெள்ளையரை. கூட்டம் கலைந்த பிறகு, கணக்குப் போட்டதில் தவறு என்று சொல்லி ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். கோப்பை மட்டும் வரவில்லை. அவர் 1990-ல் இறந்தார். நாஸ்கார் அந்தக் கோப்பையைக் குடும்பத்தினர் கையில் கொடுத்தது 2021-ல்.

நான்காம் தலைமுறை

மீண்டும் பெட்டி குடும்பம். லீயின் மகன் ரிச்சர்டு, ரிச்சர்டின் மகன் கைல், கைலின் மகன் ஆடம். நான்கு தலைமுறை டிரைவர்கள். 2000 ஏப்ரல் 2 அன்று 19 வயது ஆடம் நாஸ்காரின் உச்ச வரிசையில் முதல் ரேஸ் ஓட்டினான். மூன்று நாள் கழித்து கொள்ளுத்தாத்தா லீ காலமானார். மே 12 அன்று நியூ ஹாம்ப்ஷையரில் பயிற்சியின்போது ஆடமின் கார் சுவரில் மோதியது. ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்றார்கள். மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அந்த இளைஞன் இறந்தான். எட்டு வாரம் கழித்து அதே டிராக்கில், அதே வளைவில் கென்னி இர்வின்.

கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் 'ஹேன்ஸ்' என்ற கருவி அப்போதே இருந்தது. ராபர்ட் ஹப்பர்டு என்ற பேராசிரியர், ரேஸ் ஓட்டும் தன் உறவினர் ஜிம் டௌனிங்குடன் சேர்ந்து உருவாக்கியது. பெரும்பாலான நாஸ்கார் டிரைவர்கள் அதை மாட்டவில்லை. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் அதைக் கேலியே செய்தார். முகம் மூடாத பழைய பாணி ஹெல்மெட்தான் போடுவார். பழைய காலத்தின் கடைசி மனிதர் என்று ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

2001 பிப்ரவரி 18, டேடோனா 500, கடைசிச் சுற்று. எர்ன்ஹார்ட்டின் சொந்த டீம் கார்கள் இரண்டு முன்னால் ஓடுகின்றன. இரண்டாவது காரில் மகன் டேல் ஜூனியர். மூன்றாவதாக வந்த அப்பாவின் கார் சுவரில் மோதியது. அவ்வளவுதான். அந்த ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ரேஸிலும் மூன்றாவது சுற்றில் ரசிகர்கள் எழுந்து நின்று மூன்று விரலை உயர்த்தினார்கள். அவரது கார் எண் 3.

அதே அக்டோபரில் கழுத்துப் பாதுகாப்புக் கருவி கட்டாயமானது. 2002 முதல், மோதலை உள்வாங்கும் 'சேஃபர்' சுவர்கள் வந்தன. அதன் பின் நாஸ்காரின் மூன்று தேசிய வரிசைகளிலும் ரேஸ் விபத்தில் ஒரு டிரைவர்கூட இறக்கவில்லை. 2020 டேடோனா 500-ல் ரையன் நியூமனின் கார் பறந்து, தலைகீழாகக் கிடந்ததில் இன்னொரு கார் வந்து மோதியது. பார்த்தவர்கள் முடிந்தது என்றே நினைத்தார்கள். இரண்டு நாள் கழித்து இரு மகள்களின் கையைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார் அவர்.

புல் முளைத்த டிராக்

அப்படியானால் ரசிகர்கள் எதற்குத்தான் ஏங்குகிறார்கள்? மரணத்துக்கு அல்ல. தன் வீட்டு வாசலில் நிற்பது மாதிரியான ஒரு காரை, தன் தெருக்காரர் மாதிரியான ஒரு மனிதர் ஓட்டினார். இன்றைய கார்கள் ஒரே அச்சில் வார்த்தவை; மேலே கம்பெனியின் முகம் மட்டும்தான் மாறும். சின்ன ஊர் டிராக்குகள் பல மூடிவிட்டன. வடக்கு கரோலினாவின் ஒக்கனீச்சி டிராக் 1968-ல் மூடப்பட்டு, இன்று மரங்கள் வளர்ந்து நடைப்பயிற்சிப் பாதையாக இருக்கிறது. 1949 சீசனில் இருந்த டிராக்குகளில் அன்றுமுதல் இன்றுவரை இடைவிடாமல் அதே வரிசையில் ரேஸ் நடப்பது வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில்லில் மட்டும்தான். நம் நரேன் கார்த்திகேயன் 2010 மார்ச்சில் நாஸ்கார் டிரக் ரேஸில் அறிமுகமானதும், 13-வதாக வந்ததும் அங்கேதான். அந்த ஆண்டு டிரக் வரிசையின் அபிமான டிரைவராக ரசிகர்கள் ஓட்டுப் போட்டதும் அவருக்கே.

பழைய டிராக்குகளுக்காக அதிகம் அலைபவர், அப்பாவை ரேஸில் இழந்த டேல் ஜூனியர்தான். மூளை அதிர்ச்சியால் 2016-ல் பாதி சீசனைத் தவறவிட்டவரும்கூட. தொலைந்த டிராக்குகளைத் தேடிப்போய் ஒரு தொடரே எடுத்தார். 1996-ல் மூடிய நார்த் வில்க்ஸ்பரோ டிராக்கில், 2019 டிசம்பரில் ஆள்களோடு போய்ப் புல்லும் களையும் அகற்றினார். லேசர் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் கேமிலாவது அதைக் காப்பாற்றி வைக்கலாம் என்பதுதான் அப்போதைய திட்டம். 2022 ஆகஸ்ட்டில் அங்கே நிஜமாகவே ரேஸ் நடந்தது, அவரே ஓட்டினார். 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல்-ஸ்டார் ரேஸே அங்கு நடந்தது.

மங்கிப்போன பழைய விளம்பரப் பெயின்ட்டை அழிக்காமல் விட்டார்கள். வெடிப்பு விட்ட பழைய தாரையும் அந்த ரேஸுக்கு மாற்றவில்லை. டிராக்கைச் சுற்றி மட்டும் புதிதாக 'சேஃபர்' சுவர் எழுப்பியிருந்தார்கள்.