ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காத அரசு

எஸ்தோனியாவின் தலைநகரான தாலினில் ஒரு மருந்துக்கடை. ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கும் பெரியவர் ஒருவர் கையை வீசிக்கொண்டு உள்ளே வருகிறார். மருந்துச் சீட்டு கிடையாது. காலையில் டாக்டருக்குப் போன் செய்ததோடு சரி. கடைப் பெண் அவருடைய அடையாள அட்டையை வாங்கிக் கருவியில் செருகுகிறார். டாக்டர் எழுதிய மருந்து திரையில் வருகிறது. காப்பீட்டுச் சலுகையைக் கழித்துக்கொண்டு, அவர் தர வேண்டிய பாக்கியும் கூடவே வருகிறது. இரண்டு நிமிட வேலை. 2010-லிருந்து அங்கே இப்படித்தான்.

எங்கோ ஒரு பிரம்மாண்டமான கணினியில் நாட்டு மக்களின் ஜாதகத்தையெல்லாம் கொட்டி வைத்திருப்பார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அப்படி ஒரு கணினி இல்லை. அதுதான் விஷயமே.

1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டபோது எஸ்தோனியாவிடம் பணம் இல்லை, ஆள் பலமும் இல்லை. இன்றைக்கும் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். ஒவ்வொரு துறையும் தன் போக்கில் கணினி முறை வைத்திருந்தது. அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குப் பதில், இருப்பவற்றுக்கு இடையே சாலை போட்டார்கள். 2001-இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் எக்ஸ்-தே. எஸ்தோனிய மொழியில் ‘தே’ என்றால் சாலை. தேநீருக்கும் அதே சொல்தான். நம் தேயிலையில் இருக்கும் ‘தே’வுக்கு அது தூரத்து உறவு.

இந்தச் சாலையின் அமைப்பு அழகானது. ஒவ்வொரு துறையின் வாசலிலும் ஒரு காவல் கணினி நிற்கிறது. ஒரு துறைக்கு மக்கள் பதிவேட்டிலிருந்து ஒரு முகவரி வேண்டுமென்றால், அதன் வாசலிலிருந்து கேள்வி கிளம்பிப் பதிவேட்டின் வாசலுக்கு நேரே போகிறது. போகும்போது மறையாக்கம் செய்யப்பட்டு, அனுப்பியவரின் மின்முத்திரையும் நேரமும் பதிக்கப்பட்டுப் போகிறது. பதிலும் அப்படியே திரும்புகிறது. இரு வாசல்களிலும் குறிப்பேட்டில் பதிவு எழுதப்படுகிறது. நடுவில் தபாலாபீஸ் கிடையாது. மையத்தில் இருப்பது உறுப்பினர் பட்டியல் மட்டும்: யார் யார் இந்தச் சாலையில் வரலாம், யாருடைய முத்திரை செல்லும் என்பது. யார் எதைக் கேட்டார்கள் என்பது மையத்தின் வழியாகப் போவதே இல்லை.

இதற்குத் துணையாக ஒரு சட்டம். ஒரே தகவலைத் திரட்டுவதற்கு இரண்டாவதாக ஒரு தரவுத்தளம் அமைக்கக் கூடாது. முகவரி மக்கள் பதிவேட்டில் இருக்கிறதா, வேண்டியவர்கள் அங்கே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும். குடிமகனிடம் மறுபடி கேட்கக் கூடாது. நம்மூர்த் தாலுகா ஆபீஸ் வாசலில் ஜெராக்ஸ் கடை நடப்பதே, ஒரு துறைக்குத் தெரிந்தது அடுத்த துறைக்குத் தெரியாது என்பதால்தானே? இங்கே நாம்தான் கூரியர். அங்கே 2019-லிருந்து குழந்தையின் பிறப்பு பதிவானதும், குடும்ப உதவித்தொகை இவ்வளவு உண்டு என்று அரசே பெற்றோருக்கு எழுதிவிடுகிறது. அவர்கள் சரி என்று சொன்னால் போதும்.

சரி, ‘சரி’ என்று சொன்னது உரிய ஆள்தான் என்று எப்படித் தெரியும்? 2002-இல் வந்த அடையாள அட்டையின் சில்லுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது அட்டையை விட்டு வெளியே வருவதில்லை. ஆளை நிரூபிக்க ஒரு பின் எண், கையெழுத்திட இன்னொன்று. பேனாவால் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ, இதற்கும் அதே மதிப்பு. 2005-லிருந்து வாக்கும் இதைக் கொண்டே வீட்டிலிருந்து போடலாம்.

எல்லாம் அந்தச் சாவியை நம்பித்தான். 2017-இல் சாவியிலேயே கோளாறு.

அந்தப் பூட்டின் கணிதம் எளிது. இரண்டு மிகப் பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை ஊருக்கே சொல்லலாம். விடையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுக்க ஆயுள் போதாது. ஆனால் அட்டையில் இருந்த சில்லு, சீக்கிரம் வேலை முடிய வேண்டுமென்று, பகா எண்களை ஒரு குறுக்கு வழியில் பொறுக்கியது. அதனால் அவை எல்லாவற்றிலும் ஒரே குடும்பச் சாயல். சாயல் தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். செக் நாட்டு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது மாட்டியிருந்தவை சுமார் 7,60,000 அட்டைகள்.

மூடி மறைக்க எல்லாக் காரணமும் இருந்தது. அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். ஆனாலும் அரசு செப்டம்பரிலேயே வெளிப்படையாக அறிவித்தது. நவம்பர் 3 இரவு அந்த அட்டைகளின் சான்றிதழ்களை முடக்கியது. அட்டையை மாற்றவில்லை, வேறு வகைக் கணிதத்தில் அமைந்த புதிய சாவியை இணையம் வழியாகவே ஏற்றிக்கொள்ள வைத்தது. இந்த நாட்டின் மின்னாட்சியில் எனக்கு வியப்பூட்டுவது மருந்துக்கடையைவிட இந்த அறிவிப்புதான்.

இந்த வெளிப்படைத்தன்மை அன்றாடத்திலும் இருக்கிறது. தன் தகவலை எந்த அலுவலகம் எப்போது எட்டிப் பார்த்தது என்று அரசு இணையதளத்தில் குடிமகனே பார்க்கலாம். எல்லாப் பதிவேடும் இதில் இன்னும் சேரவில்லை. ஆனாலும் வேலைக்குச் சம்பந்தமில்லாமல் அண்டை வீட்டுக்காரரைத் துழாவும் அதிகாரி, தன் தடத்தையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

2007-இல் தாலினில் ஒரு சோவியத் காலச் சிலையை இடம் மாற்றியதால் கலவரம் வெடித்தபோது வங்கி, பத்திரிகை, அரசு இணையதளங்கள்மீது வாரக்கணக்கில் தாக்குதல் நடந்தது. ஊரில் உள்ள கணினிகளே போய்விட்டால் என்ன செய்வது? 2017-இல் லக்சம்பர்க்குடன் ஒப்பந்தம் போட்டு அங்கே ஒரு ‘தரவுத் தூதரகம்’ அமைத்தார்கள். மக்கள் பதிவேடு, நிலப் பதிவேடு போன்றவற்றின் நகல்கள் அங்கே இருக்கின்றன. தூதரகத்துக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு அந்த இடத்துக்கும் உண்டு. எஸ்தோனியா அனுமதிக்காமல் லக்சம்பர்க் அதிகாரிகளே உள்ளே நுழைய முடியாது.

பதிவேடு எவ்வளவு முக்கியம் என்று இந்த நாட்டுக்கு முன்பே தெரியும். 1940-இல் சோவியத் ஆக்கிரமிப்பில் பறிபோன வீடுகளையும் நிலங்களையும் 1991-க்குப் பிறகு உரியவர்களுக்குத் திருப்பித் தர முனைந்தபோது, எது யாருடையது என்று பழைய தாள்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.