காது கேளாத நாயும் ஒரு கொலுசுச் சத்தமும்

புளியமரம், அமாவாசை, வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், ஊளையிடும் நாய். தமிழில் பேய்க்கதை எழுத உட்காருகிறவருக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் இனாமாகவே கிடைத்துவிடுகின்றன. பழசு என்று ஒதுக்க வேண்டியதில்லை. பாதிப் பயத்தை வாசகரே கையோடு கொண்டுவந்துவிடுகிறார். ஆனால் கதை எந்த ஊரில் நடக்கிறது என்று பார்க்காமல் இவற்றை இறக்கினால், பேய் சிரிப்புக்கு இடமாகிவிடும்.

ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். மேற்கே நீளத்துக்கும் மலை. 2021-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. பேய் குடியேறத் தோதான இடம்தான். இருந்தும் பக்கத்துச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஜனம் திரள்வதே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை அடிவாரத்தில் நிற்க இடம் கிடைக்காது. 'அன்று அமாவாசை' என்று கதையைத் தொடங்கினால், இந்தப் பக்கத்து வாசகர் ஸ்பெஷல் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் யோசிப்பார்.

வெள்ளைப் புடவையின் கதியும் அதேதான். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டிக்குப் பிழைப்பே பேண்டேஜ் துணி. விசைத்தறியில் நெய்து, வெளுத்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற ஊர். அங்கே வெள்ளைத் துணியைக் காட்டிக் கைக்குழந்தையைக்கூடப் பயமுறுத்த முடியாது. அனுப்பிய பேல் ஒன்று கட்டுப் பிரிக்காமல், ஒட்டிய விலாசத்தோடு, யாரும் கேட்காமலே திரும்பி வந்து நிற்கிறது என்று எழுதிப் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவே வேண்டாம்.

எனக்கு ஆசை ராஜபாளையம் நாயின் மேல். பேய்க்கதையில் நாய்க்கு உள்ள வேலை ஒன்றுதான்: மனுஷருக்கு முன்னால் அது தெரிந்துகொண்டு ஊளையிட வேண்டும். ராஜபாளையம் நாய் பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. 2005-ல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அந்த வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை அது. அப்படி ஒன்றை மாந்தோப்பு வீட்டு வாசலில் படுக்க வையுங்கள். நள்ளிரவில் கொலுசு கேட்கிறது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஜன்னல் வழியே பார்க்கிறார். நாய் அசையவில்லை. நாயே சும்மா இருக்கிறதே என்று நிம்மதியாகப் போய்ப் படுக்கிறார். அதற்குக் காது கேட்காது என்பது வாசகருக்கு மட்டும் தெரியும். இதோடு நிறுத்தலாம். நெஞ்சழுத்தம் உள்ளவர் இன்னும் ஒரு படி போகலாம்: மறுநாள் ராத்திரி அதே நாய், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே தோப்புக்குள் போகிறது.

புதுமைப்பித்தன் 1943-லேயே 'காஞ்சனை'யில் இந்த வழியில் போய்விட்டார். பாழடைந்த பங்களாவைத் தேடி அவர் அலையவில்லை. எழுத்தாளர் ஒருவரின் வீடு, பிச்சை கேட்டு வந்தவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் மனைவி, ராத்திரியில் எங்கிருந்தோ வருகிற ஒரு வாசனை. இங்கிலாந்தில் பேய்க்கதைக்குப் பெயர் பெற்ற எம்.ஆர்.ஜேம்ஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: ஆட்களும் இடமும் சாதாரணமாக இருக்கட்டும், விபரீதம் மெதுவாகத் தலை நீட்டட்டும்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லலாமா என்பது பழைய சண்டை. 2024 நவம்பரில் மறைந்த எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை வைத்து நாகா இயக்கிய 'விடாது கருப்பு' தொடர் 90களின் கடைசியில் சன் டிவியில் வந்தபோது, குதிரைக் குளம்படி கேட்டதும் போர்வைக்குள் பதுங்கிய பிள்ளைகள் ஏராளம். முடிவில் பிளவுபட்ட மனசுதான் காரணம் என்று விளங்கியது. பயம் மட்டும் போகவில்லை. 2012-ல் கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' படம் இன்னும் குறும்பு: பேய்க்கதையே நாயகன் கட்டிவிட்ட புளுகு என்று உடைத்துவிட்டு, அந்தப் புளுகை அவன் மீதே ஏவியது. இரண்டிலும் விளக்கம் வருவதற்குள் நாம் வெகுநேரம் பயந்திருக்கிறோம்.

நாலு பக்கச் சிறுகதையில் அந்த அவகாசம் கிடையாது. அங்கே கடைசிப் பத்தியில் டாக்டரோ கோடங்கியோ வந்து காரணம் சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பத்தியை நீங்களே அடித்துவிட்டுப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். உதவி ஆசிரியருக்கு ஒரு வேலை மிச்சம்.