தொடரும் கதையும் சூளையில் வெந்த மண்ணும்

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வரும். அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் பீங்கான் தொழிற்பேட்டையும் உள்ள ஊர் இது. பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை எனப் பல பொருள்கள் இங்கே உருவாகின்றன. களிமண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, பின்பு சூளையில் சுடுகிறார்கள்.

வெறுமனே காய்ந்த பொம்மையைத் தண்ணீரில் போட்டால் அது மீண்டும் சேறாகிவிடும். சுட்ட பொம்மை கரையாது. சூளையின் வெப்பம் 500, 600 டிகிரியை எட்டும்போது மண்ணுக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அது பழைய மண்ணாக மாற வழியே இல்லை.

நல்ல கதையும் இப்படித்தான். ஒருவர் ஒரு முடிவு எடுக்கிறார். அதன் விளைவைச் சந்திக்கிறார். கதை முடியும்போது அவர் பழைய ஆளாக இருப்பதில்லை. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் நம் வீட்டுக்குள் வரும் தொலைக்காட்சிக் கதைகளைச் சற்றே பார்ப்போமா?

முடியாத கதை

1930களில் அமெரிக்க வானொலியில், இல்லத்தரசிகளுக்காகப் பகல் நேர நாடகங்கள் ஒலிபரப்பாயின. அவற்றுக்குப் பணம் கொடுத்தவை சோப்பு நிறுவனங்கள். அதனால்தான் இத்தகைய தொடர்களுக்கு 'சோப் ஓபரா' என்ற பெயர் வந்தது. இந்தியாவில் 1984இல் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' தொடரைத் தொடங்கியது. நாடகம் வழியாகச் சமூகக் கருத்துகளைச் சொல்லும் மெக்சிகோ நாட்டு முறையைப் பின்பற்றிய தொடர் அது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுவார். 150க்கும் மேற்பட்ட பகுதிகளில் அந்தக் கதை முடிந்தது.

தமிழில் 1993இல் சன் டிவி வந்த பிறகு நிலைமை மாறியது. 1999இல் தொடங்கிய 'சித்தி' 2001இல் முடிந்தது. 2002 முதல் 2005 வரை வந்த 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' 1500 பகுதிகளையும் தாண்டியது. அதே இயக்குநர் திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022இல் தொடங்கி 2024இல் முடிந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடியும் வந்துவிட்டது!

இவற்றில் நல்லவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த தகப்பனின் வேதனையை 'மெட்டி ஒலி' சொன்னது. ஆண்களின் அதிகாரத்துக்குள் அடைபட்ட மருமகள்களின் மூச்சுத்திணறலை 'எதிர்நீச்சல்' சொன்னது. தம் துயரத்தை யாரிடமும் சொல்ல முடியாத பல பெண்கள், தமக்காக யாரோ பேசுவதாக அவற்றில் உணர்ந்தார்கள்.

ஆனால் இந்தக் கதைகள் ஏன் முடிவதில்லை? தொலைக்காட்சி நிறுவனம் விற்பது விளம்பர நேரத்தை. பலர் பார்க்கும் தொடரை நிறுத்தினால் நஷ்டம். யாரும் பார்க்காத தொடர் சில வாரங்களிலேயே முடித்துவைக்கப்படும். ஆகவே முடிவு எப்போது வரும் என்பது கதை எழுதுபவருக்கே தெரியாது. அவருக்குத் தேவை அவிழாத ஒரு முடிச்சு. அதற்கு மிகவும் எளிய வழி, பாத்திரங்களை மனம்விட்டுப் பேசவிடாமல் வைப்பது. உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது போன் மணி அடிக்கும். கதவுக்குப் பின்னால் நிற்பவர் பாதிப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போவார். எழுதிய கடிதம் தவறான கையில் சிக்கும். ஐந்து நிமிடப் பேச்சில் தீர வேண்டிய சந்தேகம் ஐந்து மாதம் ஓடும்.

மாறாத மனிதர்கள்

நகைச்சுவைத் தொடரின் விதி வேறு. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் மாமியாரும் மருமகளும் இன்று போட்ட சண்டையை மறந்துவிட்டு அடுத்த வாரம் புதிதாகச் சண்டை போடுவார்கள். யாரும் திருந்துவதில்லை. திருந்திவிட்டால் சிரிப்புக்கு வழியில்லை.

இதற்கு நம் பகுதியிலேயே மூத்த எடுத்துக்காட்டு உண்டு. விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 'பரமார்த்த குரு கதை'யை எழுதினார். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கிறார்கள் சீடர்கள். எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகிறார்கள். 1822இல் ஆங்கிலத்திலும் வெளியான நூல் இது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீரமாமுனிவரின் கதை சிரிப்போடு நின்றுவிடுவதில்லை. கடைசியில் அந்த மூடத்தனத்துக்குக் குருவின் உயிரே விலையாகிறது.

அவசரமாக மாறும் மனிதர்கள்

மூன்றாவது வகை, நொடித்துப்போன உணவகங்களைத் தூக்கி நிறுத்தும் நிகழ்ச்சிகள். 2004இல் பிரிட்டனில் சமையல் வல்லுநர் கார்டன் ராம்சே தொடங்கிய 'கிச்சன் நைட்மேர்ஸ்' 2007இல் அமெரிக்காவுக்கும் சென்றது. உணவைச் சுவைத்து முகம் சுளிப்பார். குளிர்பெட்டியைத் திறந்து கெட்டுப்போன இறைச்சியைக் காட்டுவார். உரிமையாளரோடு சண்டை நடக்கும். அப்புறம் கண்ணீர், புதிய உணவுப் பட்டியல், புதிய பெயின்ட். திறப்பு விழா இரவில் கூட்டம் நிரம்பி வழியும். சில நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

உண்மையை முகத்துக்கு நேரே சொல்ல ஒருவர் வருவது நல்லதுதான். ஆனால் அந்த உணவகங்களில் பல, கேமரா போன பிறகு மூடப்பட்டன அல்லது கைமாறின. பெயின்ட் அடித்தால் கடன் தீராது. பல ஆண்டுப் பிடிவாதமும் ஒரு வாரத்தில் போகாது. இது விருத்தாசலத்துச் சூளைத் தொழிலாளிக்கு நன்றாகவே தெரியும். நெருப்பை அவசரமாக ஏற்றினால் பொருள் வெடிக்கும். சூடு ஆறும் முன் சூளையைத் திறந்தாலும் விரிசல் விடும்.

நம் வீடு தொடர் அல்ல

ஆக, ஒன்று முடிவை நமக்குத் தராமல் வைத்திருக்கிறது. இன்னொன்று விளைவை மறந்துவிடுகிறது. மற்றொன்று காலத்தைச் சுருக்கிவிடுகிறது. இவற்றைப் பார்த்து ரசிப்பதில் குற்றமில்லை. இவற்றையே அளவுகோலாக்கி நம் வீட்டை அளக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. மருமகள் பேசாமல் இருந்தால் அதில் சூழ்ச்சி இருக்கிறது என்று தோன்றும். அவள் வெறுமனே களைத்துப்போயிருக்கலாம். குடியை விட முயலும் கணவர் ஒரு முறை சறுக்கினால், இவர் மாறவே மாட்டார் என்று தோன்றும். தொழிலில் நஷ்டப்பட்ட மகன் ஒரே மாதத்தில் நிமிர வேண்டும் என்று எதிர்பார்ப்போம்.

நம் வீட்டில் முடிச்சு அவிழ்ந்தால் யாருக்கும் விளம்பர நஷ்டம் இல்லை. பாதிப் பேச்சைக் கேட்டவர் மீதிப் பேச்சையும் கேட்கலாம். "நீ சொன்னதற்கு என்ன அர்த்தம்?" என்று நேராகவே கேட்கலாம். பதில் வரும்வரை காத்திருக்கலாம். மாறுகிறவருக்கு மாறும் காலத்தையும் கொடுக்கலாம்.

இன்றிரவு தொடர் முடிந்து திரையில் 'தொடரும்' என்று வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடுவோம். பல நாளாகப் பேசாமல் ஒத்திவைத்த ஒன்றை, வீட்டில் உள்ள ஒருவரிடம் அமைதியாகப் பேசிப் பார்ப்போம்.