ஆக்ஸிமீட்டர்ல 96 காட்டுது... அப்புறம் ஏன் மூச்சு முட்டுது?

நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் உங்க வீட்டில் யாராவது இருந்தால், இந்தக் காட்சி பழகியிருக்கும். பாத்ரூம் போய்வந்ததுக்கே அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைத் தேடியெடுத்து விரலில் மாட்டுகிறீர்கள். 96. "நார்மலாத்தான்பா இருக்கு, பயப்படாதீங்க" என்கிறீர்கள். அவருக்கோ, 'அப்ப நான் நடிக்கிறேனா?' என்று இருக்கும்.

அவர் நடிக்கவில்லை. மெஷினும் தப்பு சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். மூச்சு முட்டுவது மூளை உணரும் விஷயம். மூளை கேட்கிற அளவுக்குக் காற்றை இழுக்க நுரையீரலும் மார்புத் தசைகளும் போராடும்போது அந்தத் திணறல் வருகிறது. கூடவே பயம் வந்தால் மூச்சு இன்னும் வேகமாகும். அதனால் பயம் இன்னும் கூடும்.

'கேன்சர்னா அப்படித்தான்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். கட்டி மூச்சுக்குழாயை அடைத்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், ரத்தசோகையோ கிருமித்தொற்றோ இருக்கலாம். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கோத்திருக்கும் நீரை எடுத்தாலே பலருக்கு மூச்சு இலகுவாகும்.

அடுத்து எல்லோரும் ஓடுவது ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு. அளவு உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு அது தேவை. ஆனால், ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறையாமல் மூச்சுத்திணறலோடு இருந்த 239 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்ஸிஜன், மீதிப் பேருக்கு வெறும் காற்று. 2010-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு: ஆக்ஸிஜனால் கூடுதல் பலன் இல்லை.

அப்போ எது உதவும்? ஃபேன்! சிரிக்காதீங்க. கன்னம், மூக்கு, உதட்டுப் பகுதியில் குளிர்ந்த காற்று படும்போது, அங்குள்ள நரம்புகள் வழியாக மூளைக்குச் செய்தி போய், திணறல் உணர்வு குறைகிறது. கையடக்க ஃபேனை முகத்துக்கு அரை அடி தள்ளிப் பிடித்தால் போதும். நம்ம வீடுகளில் நேர்மாறாகத்தான் செய்கிறோம். 'சளி பிடிச்சுக்கும்' என்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்போம். எங்க பெரியப்பாவுக்கு நானே ஃபேனை ஆஃப் பண்ணியிருக்கேன்.

படுக்க வைக்காமல் உட்கார வையுங்கள். முன்னால் மேஜையில் தலையணை வைத்து, அதில் கைகளை ஊன்றிச் சாய்ந்தால் மார்புத் தசைகளுக்குச் சுமை குறையும்.

அப்படியும் அடங்கவில்லை என்றால், டாக்டர் குறைந்த அளவில் மார்ஃபின் தரலாம். பேரைக் கேட்டதுமே 'கடைசிக் கட்டமா?' என்று பதறுகிறோம். சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைச் சுருக்காது. மூளை உணரும் திணறலைத் தணிக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது.

திடீரெனத் திணறல் அதிகமானாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலமானாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, முகமும் கழுத்தும் உப்பினாலோ ஃபேனோடு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.