உயரம் என்றால் நடுங்கும் மாலுமிகள்

மாடிப்படி ஒன்றின் உயரம் சுமார் 15 சென்டிமீட்டர். அதிலிருந்து தவறி விழுந்தால் காலில் சிராய்ப்புகூட இருக்காது. ஈர்ப்பு பூமியைப் போல 700 மடங்கு உள்ள ஓர் இடத்தில் அதே 15 சென்டிமீட்டர் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பூமியில் 100 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம் அது. அதற்கு ஆகும் நேரமோ ஒரு நொடியில் 150-இல் ஒரு பங்கு. விழுகிறோம் என்று உணர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்படிப்பட்ட உலகில் அறிவுள்ள உயிர்கள் வாழ்ந்தால் எதற்கு அஞ்சும், எப்படி வீடு கட்டும், உலகத்தைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? ஹால் கிளெமென்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்தக் கேள்விகளை வைத்தே ஒரு நாவல் எழுதினார். 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' 1953-இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் தொடராக வந்தது. அவருடைய இயற்பெயர் ஹாரி கிளெமென்ட் ஸ்டப்ஸ். ஹார்வர்டில் வானியல் படித்தவர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பிறகு பள்ளியில் அறிவியல் வாத்தியார். அந்த வாத்தியார் புத்தி நாவல் முழுக்கத் தெரிகிறது.

அவருக்கு விதை கொடுத்தது ஒரு வானியல் அறிவிப்பு. 61 சிக்னி என்பது சுமார் 11 ஒளியாண்டு தொலைவில் உள்ள இரட்டை விண்மீன். அதன் அசைவில் ஒரு தள்ளாட்டம் இருப்பதாகவும், வியாழனைப் போல 16 மடங்கு நிறையுள்ள ஏதோ ஒன்று அதைச் சுற்றுவதாகவும் 1942-இல் கை ஸ்ட்ராண்ட் அறிவித்தார். அப்படி ஒரு கோள் இருப்பதைப் பிற்கால அளவீடுகள் உறுதிசெய்யவில்லை. ஆனால் கிளெமென்டுக்கு அந்த ஒரு எண் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு நிறையுள்ள கோளில் மனிதன் கால் வைக்கவே முடியாது. கதைக்கு மனிதனும் வேண்டுமே! அதனால் கோளை அவர் வெறித்தனமாகச் சுழலவிட்டார். மெஸ்க்லின் என்று பெயரிட்ட அந்தக் கோளில் ஒரு நாள் என்பது 18 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த வேகத்தில் கோள் தட்டையாகி, நடுவில் தடித்து ஓரம் மெலிந்த ஆப்பம் போல ஆகிவிடுகிறது. அதன் நடுக்கோட்டில் ஈர்ப்பு மட்டும் பூமியைப் போல சுமார் 140 மடங்கு. சுழற்சியின் மையவிலக்கு விசை அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட, மிஞ்சுவது மூன்றே மடங்கு. துருவத்திலோ அந்தச் சலுகை இல்லை. அங்கே 700 மடங்கு. மனிதர்கள் நடுக்கோட்டுப் பக்கம் திணறியபடி தங்கியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய ஆய்வு ராக்கெட் துருவத்தருகே மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை மீட்டுத் தர உள்ளூர் வணிகக் கப்பல் தலைவன் ஒருவனிடம் பேரம் பேசுகிறார்கள்.

அவன்தான் பார்லென்னன். சுமார் 40 சென்டிமீட்டர் நீளம், பூரானைப் போன்ற உருளை உடல், வரிசையாகக் கால்கள், கொடுக்குகள், கடினமான வெளி ஓடு. தரையோடு தரையாகக் கிடக்கும் இந்த உடலமைப்பு வேடிக்கைக்காக வரைந்தது அல்ல. உருவம் பெருகப் பெருக எடை கன அளவில் ஏறும். தாங்கும் கால்களின் வலுவோ குறுக்குப் பரப்பின் அளவில்தான் ஏறும். எனவே அதிக ஈர்ப்பில் குட்டையும் சிறுமையுமே பிழைக்கும். பூமியிலேயே இதற்குச் சான்று உண்டு. தம் எடையைப் போல 900 மடங்கு அழுத்தத்தைக் கரப்பான்கள் காயமின்றித் தாங்குவதை கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். ஜப்பானியர்கள் 2011-இல் சில பாக்டீரியாக்களை மையவிலக்குக் கருவியில் சுழற்றி, நான்கு லட்சம் மடங்கு ஈர்ப்புக்கு நிகரான விசையிலும் அவை பெருகுவதைக் கண்டார்கள். அதற்கு முன்னால் 700 எல்லாம் சாதாரணம்.

உடலைவிட எனக்குப் பிடித்தது இவர்களுடைய மனம். தலைக்கு மேல் எது இருந்தாலும் பயம். உயரத்தில் ஏறுவது பைத்தியக்காரத்தனம். எறிதல் என்ற செயலே இவர்களுக்குப் புரியாது. கையை விட்ட பொருள் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் போய் அறைந்திருக்கும் உலகில் யார் எதை எறிவது? மனிதன் ஒருநாள் பார்லென்னனைத் தூக்கித் தன் வண்டியின் கூரைமேல் வைத்துவிடுகிறான். அவன் பயத்தில் உறைந்துபோகிறான். ஆனால் அங்கே ஈர்ப்பு மூன்று மடங்குதானே! கொஞ்சம் கொஞ்சமாக அது அவனுக்கு விளங்குகிறது. பயம் கழன்று உற்சாகம் வருகிறது. ஒரு பண்பாட்டின் ஆழமான அச்சம் உண்மையில் ஓர் இயற்பியல் எண்தான் என்று இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை.

இவர்களுடைய உலக வரைபடமும் அப்படித்தான். அது கிண்ண வடிவம். அறியாமையால் அல்ல, கண்ணால் கண்டதை நம்பியதால். அவ்வளவு ஈர்ப்பில் தரையை ஒட்டிக் காற்றின் அடர்த்தி மிக அதிகம், மேலே போகப் போகச் சடசடவென்று குறையும். ஒளி அதில் வளைந்து வருவதால் தொடுவானம் சுற்றிலும் உயர்ந்து நிற்பதாகத் தோன்றும். கப்பலும் நம் கப்பல் போல இல்லை, சிறுசிறு தெப்பங்களைக் கயிற்றால் பிணைத்த கூட்டம். நடுக்கோட்டுப் பக்கம் குடைந்த படகு ஒன்றைக் கண்டு வியந்து வாங்கிவருகிறார்கள். துருவத்தை நோக்கிப் போகப் போக அது நொறுங்கிவிடுகிறது. படிக்கும் நமக்கும் அப்போதுதான் அவர்களுடைய தெப்பத்தின் நியாயம் உறைக்கிறது.

குறைகள் உண்டு. பார்லென்னனின் பேச்சும் பேரமும் அமெரிக்க வியாபாரியை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். குடும்பம், குழந்தை, சாவுச் சடங்கு பற்றியெல்லாம் ஆசிரியர் அக்கறை காட்டவில்லை. கணக்கிலும் வழுக்கினார். துருவ ஈர்ப்பு 700 அல்ல, அதில் பாதிகூட வராது என்று பிற்பாடு கணக்கிட்டுக் காட்டினார்கள், அவரும் ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய சிக்கல், வியாழனைப் போல 16 மடங்கு நிறையுள்ள ஒன்றை இன்று பழுப்புக் குள்ளன் என்ற வகையில்தான் சேர்ப்பார்கள். அதற்குக் கால் வைக்கும் தரையே இருக்காது.

ஆனால் மெஸ்க்லினின் கடல் பொய்க்கவில்லை. அது திரவ மீத்தேன். வாசிகள் சுவாசிப்பது ஹைட்ரஜன். சனியின் துணைக்கோளான டைட்டனில் மீத்தேன், ஈத்தேன் ஏரிகள் இருப்பதை காசினி விண்கலம் பிறகு படம்பிடித்துக் காட்டியது. ஹைட்ரஜனைச் சுவாசித்து, அசிட்டிலினை உண்டு, மீத்தேனை வெளிவிடும் நுண்ணுயிர்கள் அங்கே சாத்தியமா என்று கிரிஸ் மெக்கே, ஹெதர் ஸ்மித் இருவரும் 2005-இல் கணக்கிட்டு எழுதினார்கள். உயிரணுவின் சவ்வுதான் முதல் தடை. நம் சவ்வு தண்ணீரை நம்பிக் கட்டப்பட்டது, மீத்தேனில் நிற்காது. அக்ரைலோநைட்ரைலால் ஆன மாற்றுச் சவ்வு நிற்கலாம் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் கணினியில் காட்டினார்கள். அந்தச் சேர்மம் டைட்டனின் வளிமண்டலத்தில் இருப்பது 2017-இல் உறுதியானது. அந்தக் குளிரில் அப்படிச் சவ்வு தானாக உருவாகாது என்று 2020-இல் மறுப்பும் வந்தது.

டைட்டனுக்கென்று யாராவது ஓர் உயிரினத்தைக் கற்பனை செய்தால் பார்லென்னனைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்கு. காற்றோ நம்முடையதைப் போல நான்கு மடங்கு அடர்த்தி. அங்கே விழுவது பெரிய விஷயமே இல்லை, பறப்பது மிக எளிது. நாசா 2028-இல் அனுப்பத் திட்டமிட்டுள்ள டிராகன்ஃபிளை ஆய்வுக்கலம் சக்கரத்தில் ஓடாமல் எட்டு சுழலிகளால் பறந்து பறந்து இடம் மாறப்போவதும் இதே கணக்கை நம்பித்தான்.