மிளகு வாடகையும் முதியோர் வீடுகளும்

தறி ஒன்றை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அத்துடன் செலவு முடிந்துவிடுவதில்லை என்பதை நெசவாளர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நூல், சாயம், பழுது பார்த்தல் என்று செலவு தொடர்ந்துகொண்டே இருக்கும். கிணறு வெட்டிய உழவர்க்கும் அவ்வாறே. ஆயினும் தறி நெசவாளருக்கே சொந்தம்; கிணறு உழவருக்கே சொந்தம்; செலவு செய்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒருவரே. இவ்வாறின்றி, விலை முழுவதையும் கொடுத்து வாங்கிய பின்னும் அடியிலுள்ள மனை பிறர் உடைமையாகவே நின்று, அதற்கு ஆண்டுதோறும் வாடகையும், பராமரிப்புக்கென வேறொரு கட்டணமும் செலுத்த நேர்ந்தால் நிலைமை என்னவாகும்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓய்வுக்கால அடுக்கு வீடுகளை வாங்கிய முதியோர் பலர் இந்நிலையில்தான் இருக்கின்றனர். அவர்களுடைய அநுபவம் கூட்டுறவில் பழகிய நம் அங்கத்தினர்களுக்குச் சிந்தனைக்குரியது.

ஏற்பாட்டின் இயல்பு

1970-களின் பிற்பகுதி முதல் அந்நாட்டில் முதியோர்க்கென்றே அடுக்கு வீடுகள் கட்டி விற்கும் வழக்கம் பரவிற்று. ஐம்பத்தைந்து அல்லது அறுபது வயது நிரம்பியவர்களே அங்குக் குடியிருக்கலாம் என்பது பொதுவான நிபந்தனை. ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை, சிறு சமையலறை, குளியலறை, ஆபத்துக் காலத்தில் இழுத்தால் உதவிக்கு ஆள் பேசும் கயிறு, இவை வீட்டிற்குள். எல்லோரும் கூடி அமரும் கூடம், துணி துவைக்கும் அறை, விருந்தினர் அறை, மின்தூக்கி, தோட்டம், இவை பொதுவில். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் தம் பெரிய வீட்டை விற்று, இத்தகைய வீட்டிற்குக் குடிபெயர்வது பாதுகாப்பானது. தனிமையைப் போக்குவதும் கூட. இந்த நன்மையை நாம் குறைத்துக் கூறவில்லை.

ஆனால் அம்மூதாட்டி வாங்குவது எதனை? நிலத்தையும் கட்டடத்தையும் அல்ல. 99 அல்லது 125 ஆண்டுகள் போன்ற ஒரு காலத்துக்குக் குடியிருக்கும் குத்தகை உரிமையை மட்டுமே. மனையும் கட்டடமும் மனைச் சொந்தக்காரரிடமே நிற்கும். இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. முழு உரிமையாக விற்கப்பட்ட சொத்தில், "கூரையைப் பழுது பார்ப்பேன், பங்கைச் செலுத்துவேன்" என்பன போன்ற வாக்குறுதிகள் அடுத்து வாங்குபவரைத் தாமாகக் கட்டுப்படுத்தா என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய நெறி. ஒருவர் தலைக்கு மேல் மற்றொருவர் வாழும் கட்டடத்தில் அவ்வாறு விட்டுவிட இயலாது. ஆகவே குத்தகை என்னும் உருவத்தைக் கையாண்டனர். 2004-இல் மற்றொரு வழியும் திறக்கப்பட்டது. வீட்டுக்காரர்களே கட்டடத்தைப் பொதுவில் உடைமையாகக் கொள்ளும் முறை அது. எனினும் கட்டுவோர் அதனை மிகச் சிலவிடங்களிலேயே கையாண்டனர்.

குத்தகை நாளுக்கு நாள் தேய்வது. 1985-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2004-லேயே எண்பது ஆண்டாகச் சுருங்கிவிட்டது. எண்பதுக்குக் கீழே இறங்கிய குத்தகையை நீட்டிக்க அதிகத் தொகை வேண்டும் என்பது அந்நாட்டில் நெடுநாள் நடைமுறை.

அடிமனை வாடகை

கோயில் மனையில் வீடு கட்டி வாழும் நம்மவர்க்கு அடிமனை வாடகை புதிய சொல்லன்று. ஆனால் இங்கே மனை மட்டும் பிறருடையது. வீட்டைக் கட்டியவர் குடியிருப்பவர். அங்கோ கட்டியவரே வீட்டை முழு விலைக்கு விற்றுவிட்டு, அடிமனை வாடகை பெறும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். பிறகு அவ்வுரிமையை முதலீட்டு ஸ்தாபனங்களுக்கு விற்றுவிடுகிறார். இவ்வாடகைக்கு ஈடாகக் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் பணி எதுவும் இல்லை. கூரையும் தோட்டமும் வேறு கணக்கில் சேர்ந்தவை.

பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் வாடகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 250 பவுண்டு என்று தொடங்கினால், பத்தாம் ஆண்டில் 500, இருபதாம் ஆண்டில் 1,000, முப்பதாம் ஆண்டில் 2,000, நாற்பதாம் ஆண்டில் 4,000. எல்லாக் குத்தகைகளும் இத்தகையன அல்ல; விலைவாசிக் குறியீட்டின்படி உயர்வனவும், மாறாதனவும் உண்டு. வாங்கும் நாளில் எழுதியுள்ள தொகையை மட்டும் பார்த்து, அது வளரும் விதியைப் பாராதிருப்பதே தவறு.

இக்குறையை நீக்க 2022-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புதிதாக எழுதப்படும் நீண்டகால வீட்டுக் குத்தகைகளில் அடிமனை வாடகை ஆண்டுக்கு ஒரு மிளகு மணிக்கு மேற்படலாகாது என்று அது விதித்தது. ஆம், மிளகேதான்! பெயரளவான வாடகையை 'ஒரு மிளகு' என்று எழுதுவது ஆங்கிலச் சட்டத்தில் பழைய மரபு. நடைமுறையில் இதற்குப் பொருள், வாடகை இல்லை என்பதே. சட்டத்தை மீறினால் 500 முதல் 30,000 பவுண்டு வரை அபராதம். பொதுவான வீடுகளுக்கு 2022 ஜூன் 30 முதலும், முதியோர் வீடுகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதலும் இது செயலுக்கு வந்தது. பொதுக் கூடம் முதலிய விற்க இயலாத பகுதிகளின் செலவை ஈடுசெய்ய வாடகை வேண்டும் என்பது முதியோர் வீடு கட்டுவோரின் வாதமாக இருந்தது. அவர்களுக்குக் கிடைத்தது கூடுதல் அவகாசம் மட்டுமே, விதிவிலக்கு அன்று.

ஆயினும் அந்தச் சட்டம் பழைய குத்தகைகளைத் தொடவில்லை. புதிய கட்டடத்தில் வாங்கியவர் ஒரு மிளகும் கொடுப்பதில்லை. அதே தெருவில், முந்திய ஆண்டில் வாங்கியவர் நூற்றுக்கணக்கில் கொடுக்கக் கூடும். பழைய குத்தகைக்காரர்க்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழி தந்தது: உரிய தொகை செலுத்திக் குத்தகையைச் சட்டப்படி நீட்டித்துக்கொண்டால் வாடகை மிளகளவாகிவிடும். அதற்கு ஈராண்டு உடைமையாளராய் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் நீங்கியது.

பராமரிப்புக் கட்டணம்

இனி நடப்புச் செலவைப் பார்ப்போம். குடியிருப்பு மேற்பார்வையாளரின் சம்பளம், அபாய அழைப்புச் சாதனம், மின்தூக்கி, துப்புரவு, தோட்டம், கட்டடக் காப்புறுதி, பொதுவிடங்களின் விளக்கும் வெப்பமும், நிர்வாக ஏஜெண்டின் கட்டணம், கூரை போன்ற பெரும் பணிகளுக்கான ஒதுக்கு நிதி. இவை யாவும் அதில் அடங்கும். இவை வீண் செலவுகள் அல்ல. ஒதுக்கு நிதியை மிகக் குறைத்துக் கட்டணம் மலிவு என்று காட்டும் கட்டடத்தில், கூரை ஒழுகும் நாளில் பெருந்தொகை ஒரே முறையில் கேட்கப்படும். ஆகவே கட்டணம் குறைவா, அதிகமா என்பது மட்டும் வினாவன்று. கொடுத்த பணத்துக்கு ஈடான பணி நடந்ததா என்பதே வினா.

வருமானத்தோடு ஒப்பிட்டால் சுமை விளங்கும். 2016 ஏப்ரலுக்கு முன் ஓய்வு வயதை எட்டியவர்க்கு அரசாங்க அடிப்படை ஓய்வூதியம் 2025-26-ஆம் ஆண்டில் வாரத்துக்கு 176 பவுண்டு 45 பென்ஸ். ஆண்டுக்குச் சுமார் 9,175 பவுண்டு. எடுத்துக்காட்டாக, ஒருவர்க்கு அடிமனை வாடகை 400, பராமரிப்புக் கட்டணம் 3,200 என்று கொள்வோம். மாதம் 300 பவுண்டு ஆயிற்று. அதாவது அவ்வோய்வூதியத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. உணவும் மருந்தும் மின்சாரமும் மிச்சத்தில் நடைபெற வேண்டும். மிகக் குறைந்த வருவாயுள்ள முதியோர்க்கு 'பென்ஷன் கிரெடிட்' என்னும் உதவித்தொகையில் இவ்விரு செலவுகளையும் சேர்த்துக் கேட்க இடமுண்டு. கேட்பவர்க்கே அது கிடைக்கும்.

பாக்கி விழுந்தால் விளைவு கடுமையானது. பாக்கி 350 பவுண்டுக்கு மேற்பட்டாலோ, மூன்றாண்டுக்கு மேல் நின்றாலோ, குத்தகையையே பறிமுதல் செய்யக் கோரும் வழி மனைச் சொந்தக்காரர்க்குத் திறக்கிறது. சிறு கடனுக்காக முழு வீட்டையும் இழக்க நேரிடலாம் என்னும் அச்சமே பலரைக் கேள்வி கேளாமல் செலுத்தச் செய்கிறது.

குடியிருந்தவர் மறைந்த பின்னும் கட்டணம் நிற்பதில்லை. வீடு விற்கப்படும் வரை அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலுத்தப்பட வேண்டும். வாங்கக் கூடியவர்கள் முதியோர் மட்டுமே ஆதலால், விற்பனை தாமதப்படுவதும் உண்டு. விற்கும்போது, பல குத்தகைகளில், விலையில் ஒரு பங்கை மனைச் சொந்தக்காரர்க்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் காணப்படும். இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 2017-இல் இதனை ஆராய்ந்து, இக்கட்டணம் விலையில் 1 சதவீதம் முதல் 30 சதவீதம் வரை இருப்பதைக் கண்டது. வாங்குமுன்னரே இதனை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரைகளுள் ஒன்று.

கணக்குக் கேட்கும் உரிமை

செலவு செய்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் மற்றொருவர் என்றால் சிக்கனத்துக்குக் காவல் யார்? இவ்வினா வெறும் ஐயமன்று. 2013-இல் பிரிட்டனின் நியாய வாணிப அலுவலகம் ஒரு தீர்மானம் வெளியிட்டது. 2005-க்கும் 2009-க்கும் இடையில், 65 முதியோர் குடியிருப்புகளில் வாயிற்கதவு, அபாய அழைப்புச் சாதனப் பணிகளுக்காகச் சில கம்பெனிகள் தமக்குள் கூடிப் பேசி டெண்டர் விலைகளை அமைத்தன என்பது அதன் முடிவு. டெண்டர்கள் பல வந்தன; போட்டி மட்டும் இல்லை. விலையைக் கொடுத்தவர்களோ ஓய்வூதியத்தில் வாழ்ந்தவர்கள்.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குச் சில கருவிகளைத் தருகிறது. பராமரிப்புக் கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும். இல்லையெனில் தீர்ப்பாயத்தில் எதிர்க்கலாம். ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் பங்கு விழும் பணியானால், குடியிருப்போரை முன்கூட்டிக் கலந்தாலோசிக்க வேண்டும். செலவுச் சுருக்கத்தை எழுதிக் கேட்கவும், அதனைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் ரசீதுகளைப் பார்வையிடக் கோரவும் உரிமையுண்டு. உரிய அறிவிப்பின்றிப் பதினெட்டு மாதம் கடந்த செலவை வசூலிக்க இயலாது.

ஒன்றுகூடினால்

இக்கருவிகள் யாவும் தனி மனிதர் கையில் பாரமானவை. எண்பத்தைந்து வயது மூதாட்டி தனியே ரசீதுகளைப் புரட்டித் தீர்ப்பாயம் ஏறுவது எளிதா? 2002-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 'நிர்வாக உரிமை' இங்கேதான் சிறப்புப் பெறுகிறது. தகுதியுள்ள கட்டடத்தில், குறைந்தது பாதி வீடுகளின் குத்தகைக்காரர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்தால், மனைச் சொந்தக்காரரின் குற்றம் எதனையும் மெய்ப்பிக்காமலே கட்டடத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். சொந்தக்காரரின் செலவைப் பொதுவாக அவர்களே ஏற்க வேண்டும் என்றிருந்த விதியும் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டது. அடிமனை வாடகை இதனால் ஒழியாது. மின்தூக்கிக்கும் கூரைக்கும் செலவு தொடரும். ஆனால் ஏஜெண்டை நியமிப்பவரும் நீக்குபவரும், டெண்டரைத் திறப்பவரும், காப்புறுதியைத் தேர்ந்தெடுப்பவரும் பணம் கொடுப்பவர்களே ஆவர். பொறுப்பேற்க நான்கு பேர் முன்வராவிட்டால் இவ்வுரிமை ஏட்டில் உறங்கும் என்பதும் உண்மை. முதுமையில் ஊக்கம் குறைவது இயல்பு. ஆதலால் பிள்ளைகளும் உறவினரும் துணைநிற்பது அவசியம்.

இங்கிலாந்துக்கு இது புதிய பாடமன்று. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-இல் ராச்டேல் நகரின் டோட் லேன் தெருவில், நெசவாளர் பலரை உள்ளிட்ட முன்னோடிகள் கூட்டுறவுப் பண்டகசாலையைத் திறந்தபோது, அவர்களும் மனைச் சொந்தக்காரர்கள் அல்லர். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு வாடகைக்கு எடுத்த கிடங்கின் தரைத்தளமே அவர்கள் கடை. கட்டடம் பிறருடையதாக இருந்தும் கடை தழைத்தது. கணக்குப் புத்தகம் அங்கத்தினர்களுடையதாக இருந்தமையே அதற்குக் காரணங்களுள் முதன்மையானது.

நாம் கொள்ள வேண்டியது

கோவைப் பக்கத்திலும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. நம் நாட்டுச் சட்டம் வேறு; ஆயினும் வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்கள் வேறல்ல. வாங்குவது நிலத்தில் பங்கா, குத்தகை உரிமையா? ஆண்டுச் செலவு இன்று எவ்வளவு, எந்த விதியின்படி உயரும்? ஒதுக்கு நிதி யார் பெயரில், எந்த வங்கியில் உள்ளது? விற்கும்போதும், மறைந்த பின்னும் எவ்வளவு கழிக்கப்படும்? நிர்வாகியை மாற்றும் உரிமை யாருக்கு? இவ்வைந்துக்கும் எழுத்தில் விடை கிடைக்காத இடத்தில் முன்பணம் கொடுக்கலாகாது.

நம் சங்கங்களில் ஆண்டுக் கூட்டமும் தணிக்கை அறிக்கையும் சிலருக்கு வெறும் சடங்காகத் தோன்றுவதை நாம் அறிவோம். கடல் கடந்த நாட்டில், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கிய முதியோர், அதே கணக்கைப் பார்க்கும் உரிமைக்காகச் சட்டத்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றனர். கேளாமலே நம் கையில் இருக்கும் அவ்வுரிமையை நாம் பயன்படுத்தாமல் விடலாகாது. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அங்கத்தினர் ஒவ்வொருவரும் வந்து, கணக்கைப் படித்து, வினாக் கேட்பார்களாக.